பிக் மேன் ஏன் பெஞ்சில் உட்கார்கிறான்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இளம் சென்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் முதல் வாரத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் தொடங்கும். டிசம்பர் முடிவதற்குள் ஒரே மாதிரியான புலம்பல் கேட்க ஆரம்பிக்கும்: "பையன் ஏழடி உயரம், கை நல்ல கை, பயிற்சியில் பிரமாதமாக ஆடுகிறான். கோச் ஏன் எட்டு நிமிடத்துக்கு மேல் விட மாட்டேன் என்கிறார்?" ஆட்டத்தின் பதிவைப் பொறுமையாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். வருடா வருடம் புதுப் பையன்கள் வருகிறார்கள். தவறுகள் மட்டும் அதே பழைய தவறுகள்.

பயிற்சிக்குத் தாமதமாக வருவது, வகுப்புக்கு மட்டம் போடுவது, கோச்சிடம் முறைப்பது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவை தப்பு என்று செய்கிறவனுக்கே தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. ஆண்கள் கல்லூரி ஆட்டம் இரண்டு 20 நிமிடப் பாதிகள், மொத்தம் 40 நிமிடம். இன்று பெரும்பாலான அணிகள் ஒரே ஒரு பிக் மேனை, அதாவது உயரமான சென்டரை, ரிங் பக்கம் வைத்து, மற்ற நான்கு பேரை வெளியே விரித்து ஆடுகின்றன. ஆக, உயரமான பையன்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பங்கு போட வேண்டியது அந்த 40 நிமிடத்தை மட்டும்தான். வெளியே பந்தைக் கையாளும் கார்டுகளுக்கு மூன்று இடங்களில் எங்காவது நுழைய வழி உண்டு, சென்டருக்குக் கிடையாது. சென்டருக்கு அடுத்த உயரமானவன் ஆடும் பவர் ஃபார்வர்டு இடத்துக்கான நகர்வுகளையும் சேர்த்துப் படித்து வைத்திருப்பவன் இன்னொரு 40 நிமிடத்திலும் கை வைக்கலாம். முதலாண்டில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

புள்ளி எடுத்தால்தான் நிமிடம் வரும் என்று நினைப்பது

பள்ளியில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்த பையன், கல்லூரிக்கு வந்ததும் பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ரிங்குக்கு முதுகைக் காட்டி ஷாட்டுக்குப் போவான். கோச் அவனிடம் கேட்பது அதை அல்ல. நேரத்துக்கு ஸ்கிரீன் போட வேண்டும் (நம் ஆளைத் துரத்துகிறவனின் வழியை அசையாமல் நின்று மறிப்பது), ரிங்கை நோக்கி ஓட வேண்டும், எதிராளியை முதுகால் அடைத்து ரீபவுண்ட் (ஷாட் தவறித் திரும்பும் பந்து) எடுக்க வேண்டும், உள்ளே வருகிறவனைத் தயங்க வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குக் கல்லூரி ஆட்டத்தில் மதிப்பு கூடுதல். தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் யாரையும் மார்க் செய்யாமல் ரிங்குக்கு முன்னே மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரி ஆட்டத்தை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியில் தடுக்கும் அணிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

2023 பிப்ரவரியில் டியூக் பல்கலைக்கழகம் 63-57 என நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தை வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். டியூக்கின் முதலாண்டு சென்டர் டெரெக் லைவ்லி எடுத்தது 4 புள்ளி. ஆனால் ரீபவுண்ட் 14, பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) 8. அந்த ஆண்டு ஜூனில், என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவர் பெயர் 12-ஆவதாக வாசிக்கப்பட்டது.

வீணான ஃபவுல்

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை சீசன் பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது.

காட்சி எப்போதும் ஒன்றுதான். பையன் ரிங் பக்கத்தில் ஒரு எளிய ஷாட்டை விடுகிறான். எதிராளி ரீபவுண்டை எடுத்துவிட்டான். இவன் பின்னாலிருந்து அவன் முதுகில் ஏறுகிறான், அல்லது பந்தைத் தட்டப் போய்க் கையில் அடிக்கிறான். விசில். மைதானத்தின் நீளம் 94 அடி. தன் ரிங்குக்கு ஆபத்தே இல்லாத மறு கோடியில் ஒரு ஃபவுல் போய்விட்டது. பாதி ஆட்டத்தில் அணியின் ஃபவுல் ஆறைத் தாண்டியிருந்தால் எதிராளி நடந்து போய், யாரும் தடுக்காத ஷாட்டான ஃப்ரீ த்ரோவும் போடுவான். வர்ணனையாளர்கள் இதைத் துடிப்பு என்று பாராட்டுவதைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். ஷாட் தவறிய வெட்கத்தில் நீண்ட கை அது, வேறொன்றுமில்லை.

கல்லூரியில் ஐந்து ஃபவுலோடு வெளியே போக வேண்டும், என்.பி.ஏ. போல ஆறு இல்லை. அதனால் முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கியவனை இடைவேளை வரை உட்கார வைப்பது பல கோச்களின் வழக்கம். ஆட்டம் தொடங்கி எட்டாவது நிமிடத்தில் இரண்டாவது ஃபவுல் வந்தால் மீதி 12 நிமிடம் பெஞ்ச். இடைவேளை 15 நிமிடம். உடம்பு ஆறிப்போய்த் திரும்பி வருகிறவனுக்கு மூன்றாவது ஃபவுல் சீக்கிரம் வரும்.

நாற்பது நிமிடத்துக்கு எத்தனை ஃபவுல் என்று போட்டுப் பாருங்கள். 18 நிமிடத்தில் 4 ஃபவுல் வாங்குகிறவனின் விகிதம் 8.9. அதே வேகத்தில் போனால் இருபத்திரண்டரை நிமிடத்தில் ஐந்தும் தீர்ந்துவிடும். கோச் 30 நிமிடம் தர ஆசைப்பட்டாலும் விதி இடம் தராது. ஆறுக்குக் கீழே வந்தால் 33 நிமிடத்துக்கு மேல் வழி பிறக்கும்.

எனவே முதல் வேலை, ஒவ்வொரு ஃபவுலையும் எழுதி வைப்பது. மூன்று பத்தி போதும்: ரிங்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நடந்தது, களத்தில் இறங்கி எத்தனையாவது நிமிடம், அதற்கு ஐந்து விநாடி முன்பு என்ன நடந்தது. மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. "ஷாட் தவறியது", "பந்து கை நழுவியது", "முந்தைய தடவை நடுவர் எனக்கு ஃபவுல் தரவில்லை" என்று வரிசையாக வந்தால், கோளாறு காலில் இல்லை. அவனுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுங்கள்: தவறு நடந்த உடனே இரண்டு கையும் தோளுக்கு மேலே, திரும்பு, முதல் மூன்று காலடியை முழு வேகத்தில் ஓடு. பயிற்சி ஆட்டத்தில் ஷாட் தவறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யச் சொன்னால் சில வாரத்தில் பழகிவிடும்.

மற்ற ஃபவுல்களுக்குக் காரணம் வேறு. எதிரணி பந்துக்காரனுக்கு ஸ்கிரீன் போடும்போது பிக் மேன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறான், கார்டு திரும்புகிறான், இவன் கால் வராது, கை போகும். இரண்டு கையிலும் கைக்கொரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு தடுக்கும் பயிற்சி பழையதுதான், ஆனால் வேலை செய்கிறது. பிடிக்கக் கை இல்லாதபோது கால் தானாக நகரும். கால் இன்னும் மெதுவாக இருந்தால் வெளியே போகவே வேண்டாம். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓரடி உள்ளே, ஒரு கை முகத்து உயரத்தில், ஒரு கை தாழ்வாக, பந்துக்கும் ரிங்குக்கும் நடுவில் பின்வாங்கிக்கொண்டே வருவது போதும்.

ரிங் அடியில் வருகிறவனைத் தடுக்கும்போது கை கடிகாரத்தின் 12 மணி முள்ளாக நிற்க வேண்டும். 11 மணிக்குச் சாய்ந்தாலே நடுவர் கண்ணில் படும். சுவரைப் பார்த்து ஒரு பாத நீளம் தள்ளி நின்று, இரண்டு காலாலும் நேராக எழும்பி, கை சுவரில் படாமல் இறங்கிப் பழகலாம். பத்துப் பத்தாக மூன்று சுற்று. எதிராளியின் கால் தரையை விடும் வரை நம் கால் தரையை விடக் கூடாது. ஷாட் போடுவது போல் தோளைத் தூக்கி ஏமாற்றுகிறவனிடம் முதலாண்டுப் பையன்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, நெஞ்சைக் காட்டி நின்று சார்ஜ் (பந்தோடு வருகிறவன் மோதியதாக அவன் மேல் ஃபவுல்) வாங்கப் போவது. 2023-24 சீசனிலிருந்து, எதிராளி மேலே எழும்பக் காலை ஊன்றுவதற்குள் தடுப்பவன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். உதவிக்கு ஓடி வரும் பிக் மேன் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்து சேர்வான். ரிங்குக்கு அடியில் நாலடி வளைவுக்குள் அவனுக்குச் சார்ஜ் கிடையவும் கிடையாது. நேராக எழும்பினால் அந்த வளைவு ஒன்றும் செய்யாது. பிறகு ஏன் நெஞ்சைக் காட்டுகிறார்கள் என்பது புரியவே இல்லை.

நம் அணி பந்து வைத்திருக்கும்போது வரும் ஃபவுலையும் எழுதுங்கள். நகர்ந்துகொண்டே ஸ்கிரீன் போட்டால் ஃபவுலும் ஏறும், பந்தும் போகும். பாதி நேரம் குற்றம் அவசரப்படும் கார்டுடையது. ஆனால் கணக்கு எழுதப்படுவது பிக் மேன் பெயரில். கால்கள் தோள் அகலத்துக்கு மேல் விரியக் கூடாது. இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையில் விழும் சத்தம் கேட்க வேண்டும். கைகள் நெஞ்சில். கார்டின் தோள் நம் இடுப்பை உரசிப் போன பிறகுதான் ரிங் பக்கம் திரும்ப வேண்டும்.

உள்ளே தனியாக டங்க் போடப் போகிறவனைத் தடுத்து வாங்கும் ஃபவுலை எந்தக் கோச்சும் குறை சொல்ல மாட்டார். ஐந்தில் இரண்டை அதற்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீபவுண்ட் எடுத்ததும் பந்தை இடுப்புக்கு இறக்குவது

பந்தைத் தட்டிப் பறிக்க ஆறடிக் கார்டு கீழே காத்துக்கொண்டிருக்கிறான். தாடைக்குக் கீழே இறக்காதீர்கள்.

வாய் திறக்காமல் ஆடுவது

ஸ்கிரீன் வருவது பந்துக்காரனை மார்க் செய்யும் கார்டுக்குத் தெரியாது, அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறது. பிக் மேனுக்கு முழு மைதானமும் தெரியும். ஸ்கிரீன் வந்து சேர இரண்டு அடி இருக்கும்போதே எந்தப் பக்கம், பின்வாங்கப் போகிறோமா, ஆளை மாற்றிக்கொள்ளப் போகிறோமா என்ற இரண்டையும் கத்திச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கார்டு ஸ்கிரீனில் மோதி நிற்பான், எதிராளி ஆளில்லாமல் மூன்று புள்ளி போடுவான். புள்ளிப் பட்டியலில் இது யார் தவறு என்று இருக்காது. வீடியோவில் கோச் முதலில் பார்ப்பது இதைத்தான். "திடீரென்று ஏன் வெளியே எடுத்தார்?" என்ற கேள்விக்குப் பல சமயம் இதுவே பதில்.

ஃப்ரீ த்ரோ பயிற்சியைத் தள்ளிப்போடுவது

பாதி ஆட்டத்தில் ஒரு அணியின் ஏழாவது ஃபவுல் முதல் அதன் எதிரணிக்கு ஒன்று போட்டால்தான் இன்னொன்று. முதலாவது தவறினால் இரண்டாவது கிடையாது. பத்தாவது ஃபவுலிலிருந்துதான் நிச்சயமாக இரண்டு. 50 விழுக்காடு போடுகிறவன் ஒன்றுக்கு ஒன்று கட்டத்தில் சராசரியாகத் தருவது முக்கால் புள்ளி. 70 விழுக்காடு என்றால் 1.19. கடைசி மூன்று நிமிடத்தில் முதல் வகைப் பையனைக் களத்தில் வைத்திருக்க எந்தக் கோச்சுக்கும் மனம் வராது, எதிரணி அவனையே தேடிப் பிடித்து ஃபவுல் செய்யும். நின்ற இடத்தில் நூறு போடுவதால் பெரிய பலன் இல்லை. ஓட்டம் ஒன்று முடித்து, மூச்சு வாங்கும்போது இரண்டு, மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு என்று போடட்டும். ஆட்டத்தில் அப்படித்தான் வரும்.

மூன்று புள்ளி மோகம்

முதலில் ஸ்கிரீன் ஒழுங்காகப் போடட்டும், தூரத்து ஷாட் பிறகு.

எடையை ஏற்றிவிட்டு மூச்சை மறப்பது

கோடையில் பத்துக் கிலோ ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், நாலாவது நிமிடத்தில் கை இடுப்புக்குப் போய்விடுகிறது. தொலைக்காட்சி ஆட்டங்களில் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே போனபின் ஆட்டம் நிற்கும் முதல் இடத்தில் விளம்பர இடைவேளை வரும். ஆக, முதல் இலக்கு ஒரு இடைவேளையிலிருந்து அடுத்தது வரை தளராமல் ஓடுவது. ஃபவுல் குறிப்பில் இரண்டாவது பத்தியைப் பாருங்கள், நாலைந்தாவது நிமிடத்தில் ஃபவுல்கள் குவிந்திருந்தால் மருந்து மூச்சுப் பயிற்சிதான். மைதானத்தின் 50 அடி அகலத்தை 17 தடவை குறுக்கே ஓடும் பயிற்சி எல்லாக் கல்லூரியிலும் தெரிந்தது. கார்டுகளுக்கு ஒரு நிமிடம், உயரமானவர்களுக்குச் சில விநாடி கூடுதலாகத் தருவார்கள்.

அவசரப்பட்டுக் கல்லூரி மாறுவது

வாக்கர் கெஸ்லர் 2020-21இல் நார்த் கரோலினாவில் ஆட்டத்துக்கு 9 நிமிடம்கூட ஆடவில்லை. ஆபர்னுக்கு மாறிய அடுத்த ஆண்டே 25 நிமிடத்துக்கு மேல், ஆட்டத்துக்கு 4.6 பிளாக். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள்.

இருந்த இடத்திலேயே இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். டோனவன் கிளிங்கன் முதலாண்டில் கனெக்டிகட்டில் அடாமா சனோகோவுக்குப் பின்னால் 13 நிமிடம்தான் ஆடினார். சனோகோ போன பிறகு 22 நிமிடத்தைத் தாண்டினார், 2024 டிராஃப்டில் ஏழாவதாகத் தேர்வானார். பர்டியூவின் ஸாக் ஈடிக்கு முதலாண்டில் 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் ஆண்டில் 19 நிமிடத்தில் 14 புள்ளி எடுத்தும், ட்ரெவியன் வில்லியம்ஸுடன்தான் நேரத்தைப் பங்கு போட்டார். வில்லியம்ஸ் கிளம்பியதும் கிட்டத்தட்ட 32. பிறகு 2023, 2024 இரண்டிலும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்.

2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை தடவை மாறினாலும் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதில்லை. அதனால் மாறுவது சுலபமாகிவிட்டது, சிலர் முடிவையும் சுலபமாக எடுக்கிறார்கள். சீசன் முடிவில் கோச்சுடன் உட்காரும்போது "நான் எதில் முன்னேறணும்?" என்று கேட்டால் "நல்லா உழைக்கணும் தம்பி" என்ற பாணியில்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்த டிஃபென்ஸ் போடும்போது என்னைக் களத்தில் வைக்கத் தயங்குகிறீர்கள்? ஃபவுல் விகிதம் எவ்வளவுக்கு வந்தால் 20 நிமிடம் தருவீர்கள்? எனக்கு முன்னால் இருப்பவர் போனால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து மூத்த சென்டர் ஒருவரைக் கொண்டுவரப் போகிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். போகிற அணி ஸ்கிரீனுக்கு எப்படித் தடுக்கிறது என்பதை அதன் நாலைந்து ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். கால் மெதுவான சென்டர், எல்லா ஸ்கிரீனிலும் ஆளை மாற்றிக்கொள்ளும் அணிக்குப் போனால் அங்கேயும் பெஞ்ச்தான்.