கறிவேப்பிலைக்கு யார் சொந்தம்? உயிர்களை அறிவதிலும் பெயரிடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸில் ரோஸ் ஹில் சந்தையில் போய் "முருங்கைக்கீரை இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். "ப்ரெட் முரூம்" என்றால் கேட்ட வாய் மூடுமுன் கட்டு கைக்கு வந்துவிடும். பீர்க்கங்காய் இங்கே "பிப்பங்காய்", கறிவேப்பிலை "கறிபுலே". கப்பலேறி மொரிஷியஸ் வந்த நம் முன்னோர் கொண்டுவந்த சொற்கள், தலைமுறை தலைமுறையாக, பிரெஞ்சிலிருந்து பிறந்த இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல் நாக்கில் உருண்டு இப்படி ஆகிவிட்டன.

மாலையில் வீட்டில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். அவர்களுக்குப் பாடம் ஆங்கிலத்தில், பேச்சு கிரியோலில், பாட்டியின் கதை பாதித் தமிழில். பிள்ளைகள் மாறுகிறார்கள், வருடம் மாறுகிறது, விடைத்தாளில் வரும் தவறுகள் மட்டும் மாறுவதில்லை. பெரியவர்கள் பேச்சிலும் அதே தவறுகள்தான்.

முதல் தவறு, உயிருக்கு ஒரே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்வது. "அசைந்தால் உயிர்" என்பார்கள். அப்படியானால் ஆற்றுக்கும் உயிர் உண்டு. "வளர்ந்தால் உயிர்" என்றால், தமரேன் உப்பளத்துப் பாத்தியில் வெயில் ஏற ஏற உப்புக் கல்லும்தான் வளர்கிறது. ஆனால் உப்பு வளர்வது வெளியே இன்னொரு படலம் ஒட்டுவதால். உயிர் வளர்வது, உள்ளே போன உணவைத் தன் உடம்பாக மாற்றிக்கொள்வதால். "குட்டி போட்டால் உயிர்" என்றும் எழுதுவார்கள். ஒரு காலத்தில் இங்கே கரும்பு வண்டி இழுத்த கோவேறு கழுதைக்கு ஏறக்குறைய எப்போதும் குட்டி கிடையாது. அதனால் அது கல்லாகிவிடுமா?

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது விதையில்தான். டப்பாவில் ஆறு மாதமாகக் கிடக்கும் பச்சைப்பயறு உயிருள்ளதா என்றால் பத்துக்கு எட்டுப் பேர் இல்லை என்பார்கள். நான் வாதாடுவதில்லை. ஒரு பிடி பயறை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கால் மணி நேரம் வேகவைத்து ஆறவிடச் சொல்வேன். இரண்டையும் தனித்தனி ஈரத்துணியில் கட்டி வைத்தால், இரண்டாம் நாள் ஒரு மூட்டையில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மற்றது நூல்விட்டு நாற்றமடிக்கும். காய்ந்த பயறு செத்திருக்கவில்லை. மிக மிக மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருந்தது. வெந்ததுதான் செத்தது. நாற்றம் எதனால் என்று யாராவது கேட்டால் எனக்குக் கொண்டாட்டம். அந்த மூட்டையிலும் உயிர் இருக்கிறது, ஆனால் பயறுக்கு அல்ல, பாக்டீரியாவுக்கு.

அப்படியானால் எப்படித்தான் சொல்வது? செல்லால் ஆன உடம்பு, உணவிலிருந்தோ வெளிச்சத்திலிருந்தோ ஆற்றல் எடுப்பது, கழிவை வெளியேற்றுவது, சுற்றுப்புறத்தை உணர்ந்து பதில் தருவது, உள்நிலையைச் சீராக வைத்துக்கொள்வது, வளர்வது, தன் மரபை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது. இவற்றைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோவேறு கழுதைக்கு ஒன்று குறைந்தாலும் மற்றதெல்லாம் இருக்கிறது, அதன் செல்கள் பெருகுகின்றன.

இந்த வரிசையில் வைரஸ்தான் இடறும். 2005, 2006இல் இந்தத் தீவையும் பக்கத்து ரெயூனியனையும் சிக்குன்குனியா படுத்திய பாடு மூட்டு வலித்தவர்களுக்கு மறக்காது. அந்தக் கிருமிக்கு மரபணு உண்டு, செல் கிடையாது. நம் செல்லுக்குள் புகாமல் ஒரு நகல்கூட எடுக்க முடியாது. ஆகவே "மிகச்சிறிய உயிரினம் வைரஸ்" என்று எழுதாதீர்கள். மலேரியாவையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். இரண்டையும் கொசுதான் பரப்புகிறது, ஆனால் மலேரியாக் கிருமி வைரஸும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. உட்கருவுள்ள ஒற்றைச் செல் உயிர்.

அடுத்த தவறு, உருவத்தைப் பார்த்து உறவு சொல்வது. லீச்சிப் பழத்தைச் சூறையாடும் வௌவாலைத் திட்டும்போது "அந்தப் பறவை" என்பார்கள். உடம்பில் ரோமம், குட்டி போட்டுப் பால் கொடுப்பது எல்லாம் இருக்க, பறப்பதால் மட்டும் பறவையாகிவிடாது. லகூனில் பாறைபோல் கிடக்கும் பவளமும் ஜெல்லி மீனுக்கு உறவான விலங்குதான்.

இதில் எனக்குப் பிடித்தது தாங் என்ற சிறு விலங்கு (ஆங்கிலத்தில் டென்ரெக்). மழைக்குப் பிறகு இரவில் சாலையோரம் மூக்கை நீட்டிக்கொண்டு ஓடுமே, முள்முடிக்காரன். மடகாஸ்கரிலிருந்து மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. (இங்கே கறி வைத்தும் சாப்பிடுவார்கள், நான் சாப்பிட்டதில்லை, வாசனை மட்டும் தெரியும்.) பார்த்தால் முள்ளெலிதான். பழைய பாடநூல்களும் அந்தக் கூட்டத்தில்தான் வைத்திருந்தன. 1990களின் இறுதியில் மரபணுக்களை ஒப்பிட்ட பிறகு கதை தலைகீழானது. தாங்குக்கு முள்ளெலியைவிட யானையும் கடல்பசுவும் நெருங்கிய சொந்தம். முள், தனித்தனியாக இரண்டு வம்சத்தில் முளைத்த கவசம்.

செடிகளிலும் இதே ஏமாற்று உண்டு. ஓட்டல் வாசல்களில் விசிறிபோல் நிற்கும் ரவெனாலாவைப் பனை என்கிறார்கள். அது பனையே அல்ல; வாழை, இஞ்சி, மஞ்சள் இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. காவடிக்குப் பிறகு ஏழு கறி பரிமாறுகிற இலையைத் தரும் வாழையும் மரமல்ல. நாம் மரம் என்று நினைப்பது ஒன்றன்மேல் ஒன்று சுருண்ட இலையடிகள்தான். குலை தள்ளிய வாழையை வெட்டி மட்டை மட்டையாக உரித்துப் பாருங்கள், கடைசியில் கையில் நிற்பது நாம் பொரியல் செய்யும் வெள்ளைத் தண்டு.

இங்கே தொல்காப்பியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிப்புறம் வயிரமாக, அதாவது கெட்டியாக, இருப்பது புல், உட்புறம் வயிரமாக இருப்பது மரம் என்கிறது அதன் மரபியல் என்ற பகுதி. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லின் பக்கம் போகின்றன. இன்றைய தாவரவியல் தென்னை, பனை, மூங்கில், கரும்பு எல்லாவற்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரு பக்கம் வைப்பதோடு இது அழகாகப் பொருந்துகிறது. சரி, அதற்காக "நம்மவர் அன்றே வகைப்பாட்டியலை முடித்துவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குவதும் தவறுதான். அதே மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்குவது புலன்களை வைத்து. அங்கே நண்டும் தும்பியும் நாலறிவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இன்றைய வகைப்பாடு கேட்பது "யார் யாருக்குச் சொந்தம்" என்று. கேள்வியே வேறு, ஒன்றின் மதிப்பெண்ணை மற்றதற்குப் போடக்கூடாது.

இப்போது பெயர். பெயரில் ஊர் இருந்தால் ஊரும் அதுவே என்று நம்பிவிடுகிறோம். உப்பும் மிளகாயும் தூவிச் சாப்பிடும் "கொயாவ் தெ சின்", அதாவது சீனக் கொய்யா, பிரேசிலிலிருந்து வந்தது. ப்ளாக் ரிவர் காடுகளில் நம் நாட்டுச் செடிகளை நெருக்கித் தள்ளுவதும் அதுதான். அறிவியல் பெயரும் ஏமாற்றும். புளியின் பெயர் டாமரிண்டஸ் இண்டிகா, பூர்வீகம் ஆப்பிரிக்கா. நம் தமிழும் சும்மா இல்லை. கறிவேப்பிலை என்ற பெயரில் வேப்பிலை இருக்கிறது, செடிக்கும் வேம்புக்கும் குடும்பம் வேறு. கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பம். அடுத்த முறை தாளிக்கும் முன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், அடியில் எலுமிச்சை வாடை லேசாக இருக்கும்.

அறிவியல் பெயர் இரண்டு சொல்லால் ஆனது. அந்த இரட்டைப் பெயரில் பாதியை மட்டும் எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. வெறும் "இண்டிகா" என்றால் மாவா, வேம்பா, புளியா? மூன்றுக்கும் இரண்டாம் சொல் அதுதான். முன்னால் பேரினப் பெயர், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த கூட்டத்தின் பெயர், வேண்டும். அதன் முதல் எழுத்துப் பெரியது, இரண்டாம் சொல் முழுக்கச் சிறிய எழுத்து. அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே அடிக்கோடு. ஒரே நீளக் கோடு போட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ரகத்தை இனம் என்று எழுதுவது இன்னொன்று. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் நூல்கோலும் ஒரே இனம். நாம் வளர்த்த விதத்தில் ஒன்றில் இலையும் ஒன்றில் பூவும் ஒன்றில் தண்டும் பருத்துவிட்டன.

கடைசியாக, அறிவியல் பெயர் கல்வெட்டு என்ற நினைப்பு. நம் நாட்டுச் சின்னத்தில் நிற்கும் டோடோ பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் அதைத் தீக்கோழியின் பேரினத்தில் போட்டு ஸ்ட்ருதியோ குகுல்லாட்டஸ் என்றார். 1760இல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் ராஃபஸ் என்ற பேரினத்தை உண்டாக்கினார். 1766இல் லின்னேயஸே மனம் மாறி டைடஸ் இனெப்டஸ் என்று புதுப் பெயர் வைத்தார். இனெப்டஸ் என்றால் லாயக்கற்றது. அழிந்துபோன பறவைக்கு அப்படி ஒரு பட்டம் வேறு! ஆனால் விதி, முந்திய பெயருக்கே உரிமை என்கிறது. ஆகவே இன்று அது ராஃபஸ் குகுல்லாட்டஸ். உறவு தீக்கோழி அல்ல, புறா. 2002இல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி இன்று உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா.

முழுப் பெயர் எழுதும்போது கடைசியில் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறிக்குள் வரும். பிள்ளைகள் அந்த அடைப்புக்குறியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெயர் வைத்தவர் முதலில் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அடையாளமே அதுதான். டோடோவின் தீக்கோழிக் கதை முழுவதும் அந்த இரண்டு வளைவுக்குள்தான் இருக்கிறது.