பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு: கவிதை கற்பிக்கப் போகும் கவிஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவிஞர்கள் பள்ளிக்கூடத்துக்குள் போவது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை வாழ்நாளில் பெரும்பகுதியை ஆசிரியப் பணியில் கழித்தவர். அவர்கள் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள ஆசிரியர்களாகப் போனவர்கள். இப்போது நடப்பது வேறு. இலக்கிய மன்றத் தொடக்க விழாவுக்கோ, கோடை முகாமுக்கோ, நூலக வாசகர் வட்டத்துக்கோ, மகளிர் குழுவுக்கோ ஒரு கவிஞரை அழைத்து, ஒரு மணி நேரத்தையோ ஒரு நாளையோ கையில் கொடுத்து, "பிள்ளைகளுக்குக் கவிதை எழுதச் சொல்லிக்கொடுங்கள்" என்கிறார்கள். பல ஆண்டுகளாக இப்படிப் போய் வந்துகொண்டிருப்பவன் என்ற முறையில், நானே செய்தவையும் பிறர் செய்யக் கண்டவையுமான தவறுகள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை, சிறப்பு விருந்தினர் என்ற நினைப்போடு வகுப்புக்குள் நுழைவதால் வருபவை.

ஒரு பாடவேளை என்பது நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, கவிஞரைப் பற்றிய அறிமுகம், பொன்னாடை, புகைப்படம் என்று முதல் கால் மணி நேரம் போய்விடும். அதன் பின் கவிஞர் தம் கவிதைகளில் நான்கைந்தை வாசிப்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், மணி அடித்துவிடும். ஒரு பிள்ளையும் ஒரு வரியும் எழுதியிருக்காது. ஆனாலும் நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததாகத் தலைமையாசிரியர் சொல்லுவார், கவிஞரும் அதை நம்பிவிடுவார். வேப்ப மரத்தடியில் இருநூறு பேரை உட்காரவைத்திருந்தால், அங்கே சொற்பொழிவு நடத்தலாம். எழுத வைக்க இயலாது. அழைப்பை ஏற்கும்போதே, விழா வேண்டாம், முப்பது பேருக்கு மிகாத இரண்டு வகுப்புகள் போதும் என்று கேட்டுவிடுவது நல்லது. உள்ளே நுழைந்த பத்து நிமிடத்துக்குள் பென்சில்கள் நகரத் தொடங்கிவிட வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. என் கவிதையை வகுப்பு முடியும் வரை வாசிப்பதில்லை, ஏனென்றால் முதலில் வாசித்தால் பிள்ளைகள் அதையே சற்று மாற்றி எழுதித் தந்துவிடுவார்கள். அந்த அளவுக்கு அவர்கள் கெட்டிக்காரர்கள்.

தலைப்புக் கொடுப்பதில் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு ஒன்றில், உள்ளூர்ப் பொருளாக இருக்கட்டுமே என்று 'தாமிரபரணி' என்று கரும்பலகையில் எழுதினேன். வந்து சேர்ந்த தாள்களில் பாதிக்கு மேல் 'வற்றாத ஜீவநதியே' என்று தொடங்கியிருந்தன. மீதியில் பொதிகைமலை அன்னை, அகத்தியர், அல்வா. தவறு பிள்ளைகளுடையது அன்று. 'அம்மா', 'இயற்கை', 'நட்பு', 'மரம் வளர்ப்போம்' போன்ற தலைப்புகள் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டவை. பேச்சுப் போட்டியிலும் கட்டுரை ஏட்டிலும் அவற்றுக்கான வாசகங்கள் தயாராக இருக்கின்றன. நாம் தலைப்பைச் சொன்னதும் அந்தப் பெட்டி திறந்துகொள்கிறது. அடுத்த முறை அதே வகுப்பில் ஆற்றின் பேச்சையே எடுக்காமல், பள்ளிக்கு வரும் வழியில் பாளையங்கால்வாய்ப் பாலத்தில் நின்றால் கீழே என்ன தெரியும், நேற்று அங்கே என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டேன். ஒரு பையன் எழுதினான்:

பாலத்துல நின்னு எச்சி துப்புனேன்.
கால் அதையும் கொண்டு போச்சு.

வகுப்பு சிரித்தது, ஆசிரியருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அந்த 'அதையும்' என்ற சொல்லில் இருந்த உம்மை போதுமானதாக இருந்தது. அதுவரை அந்தக் கால்வாய் எதையெல்லாம் கொண்டு போயிருக்கும் என்று ஒரே அசையில் அவன் சொல்லிவிட்டான். அதைக் கரும்பலகையில் எழுதி, அந்த உம்மையை எடுத்துவிட்டு ஒரு முறை, வைத்துவிட்டு ஒரு முறை வாசித்துக் காட்டினேன். இலக்கண வகுப்பில் எண்ணும்மை, இறந்தது தழுவிய எச்சவும்மை என்று மனப்பாடம் செய்தவர்கள் முதல் முறையாக ஒன்றைக் கண்ணால் பார்த்தார்கள்.

பேச்சு மொழி

இந்தச் சீமையில் அதிகமாக நடக்கும் தவறு, நல்லெண்ணத்தோடு நடப்பதால் மிகவும் கெடுதலான தவறு, பிள்ளைகளின் பேச்சைத் திருத்துவது. தொடக்க காலத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "மழ வெரசா வந்துட்டு, ஆச்சி பைய வாறா" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில், "மழை விரைவாக வந்துவிட்டது; பாட்டி மெதுவாக வருகிறாள்" என்று திருத்திக் கொடுத்தேன். அவன் அதைப் பணிவாகப் படியெடுத்துக்கொண்டான். ஒரு மாதம் கழித்துப் போனபோது அவன் எழுதியதில் ஆச்சி இல்லை. பாட்டி இருந்தாள், பாடநூலில் வடை சுடுகிறாளே, அந்தப் பாட்டி. வெரசாவும் பையவும் எதிரெதிரே நின்று மழைக்கும் கிழவிக்கும் நடுவே ஒரு பந்தயத்தையே நடத்திக் காட்டிய வரியை நான் அறிக்கையாக்கியிருந்தேன்.

இடைசெவலில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று அகராதியே தொகுத்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அப்படி ஒருவர் வாழ்ந்த மண்ணில் நின்றுகொண்டு 'வந்துட்டு' என்பதைத் தப்பு என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. அதற்காகப் பேச்சுத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் தவறுதான். சில பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் ஒரு புதுச் சட்டை போல. அதைப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். தேர்வுத்தாளில் எது செல்லும், கவிதையில் எது செல்லும் என்ற வேறுபாட்டை வெளிப்படையாகப் பேசிவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது விளங்கும். தமிழாசிரியருக்கும் அதனால் மனக்குறை இருக்காது.

எதுகையும் இறக்குமதியும்

எதுகை, மோனை இல்லாவிட்டால் கவிதையே இல்லை என்று தொடங்குபவர்களும் உண்டு, அவற்றை அறவே ஒழிக்க வேண்டும் என்று தொடங்குபவர்களும் உண்டு. முதல் வகையினரிடம் அகப்பட்ட பிள்ளை 'கல்வி'யை எழுதிவிட்டுச் 'செல்வி'யைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொல்ல வந்தது கைநழுவிப் போகும். இரண்டாம் வகையினர், கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தவர்களின் கால்களுக்கென்றே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் சிந்து பாடிய ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த எதுகை விதியாகக் கற்பிக்கப்பட்டதன்று, காதால் ஏறியது. ஒரு பிள்ளையின் வரியில் அது தானாக விழும்போது அதைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொன்னால் போதும்.

அயல்நாட்டுப் பயிற்சிகளை அப்படியே தூக்கிவருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1968-இல் நியூயார்க் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் கற்பிக்கத் தொடங்கிய கவிஞர் கென்னத் கோக், ஒவ்வொரு வரியையும் 'நான் விரும்புகிறேன்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் தொடங்கும்படி பிள்ளைகளிடம் சொன்னார். ஓசை இயைவைத் தேடி அலைய வேண்டாம் என்றும் சொன்னார். நல்ல பயிற்சிதான். ஆனால் அதைத் தமிழில் "நான் விரும்புகிறேன்" என்று வரிக்கு வரி தொடங்கச் சொன்னால் பிள்ளைகள் விளம்பரத்தில் பேசுபவர்களைப் போல எழுதுகிறார்கள். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காருகிறது. எனவே அந்தப் பயிற்சி இங்கே 'வேணும்' என்று முடிய வேண்டும்: "எனக்கு ஒரு சைக்கிள் வேணும், அதுக்கு மணி வேணும், மணி அடிச்சா மாடு வெலகணும்." எந்த ஓசையை வேண்டாம் என்று அவர் தள்ளினாரோ அது இங்கே இயைபாகத் தானே வந்து சேர்கிறது, பிள்ளைக்கு ஒரு சிரமமும் இல்லாமல். ஐகூ என்ற ஜப்பானிய மூவரிக் கவிதையின் ஐந்து-ஏழு-ஐந்து கணக்கும் இப்படித்தான். ஜப்பானிய ஒலியலகைத் தமிழ் எழுத்தாக்கி எண்ணச் சொன்னால், "ஒற்றைச் சேத்து எண்ணணுமா சார்?" என்ற கேள்வி வரும், அதற்கு நம்மிடம் விடை இருக்காது. எண்ணியே ஆக வேண்டுமென்றால் ஒற்று நீக்கி அடிக்குப் பதினாறும் பதினேழும் எண்ணுகிற கட்டளைக் கலித்துறை நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதைப் பள்ளிப் பிள்ளைகள் மேல் ஏவிவிடும்படி யாரிடமும் நான் சொல்லமாட்டேன்.

தெரு

வழியில் கண்டதைக் கேளுங்கள் என்று மேலே சொன்னேன். அதே கேள்வி இந்த மாவட்டத்தில் ஆபத்தாகவும் முடியக்கூடும். 'உன் தெருவைப் பற்றி எழுது' என்று சொல்லி, எழுதியதை எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொன்னால், பல ஊர்களில் அந்தப் பிள்ளை தன் சாதியை வகுப்புக்கு அறிவித்ததாகிவிடும். கோயில் பெயர், கொடைவிழாவில் யார் எங்கே நின்றார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அப்பாவின் தொழில் எல்லாமே அடையாளம் சொல்லுபவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மாணவர்கள் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்லுகிற வகுப்பில் நாம் போய், கவிதையின் பெயரால் அதையே எழுதிக் காட்டச் சொல்லக் கூடாது.

இதற்காக வாழ்க்கையையே விட்டுவிட்டு நிலாவைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்குப் பதில் ஒரு பொருளைக் கேட்கலாம்: வீட்டில் உடைந்தும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் ஒரு பொருள், சாப்பாட்டுத் தூக்கில் இருக்கும் நசுங்கல், பையில் எப்போதும் கிடக்கும் ஏதோ ஒன்று. தாளில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, வாங்கிக் கலைத்து, கவிஞரே வாசிக்கலாம். தானாக வாசிக்க விரும்புகிற பிள்ளை வாசிக்கட்டும்; விரும்பாத பிள்ளையிடம் ஏன் என்று கேட்கக் கூடாது.

மற்றொன்றும் இதை ஒட்டியது. எழுதச் சொன்னால் சில நேரம் எழுதக் கூடாதது என்று நாம் நினைப்பதும் வரும்: குடி, அடி, அதற்கும் மேலே. அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கி, 'என்ன வலி, என்ன கவிதை' என்று படமெடுத்து வாட்சப் குழுவில் போடுகிற கவிஞரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவரல்லர், ஆனால் அந்தப் பிள்ளை மறுநாளும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் நினைவில் இல்லை. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதும் தவறு. குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிய வந்தால் அதைத் தெரிவிக்க வேண்டிய கடமையை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எல்லோர் மீதும் வைக்கிறது. ஒரு மணி நேரம் வந்து போகும் கவிஞருக்கும் அதில் விலக்கு இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தெரிந்து வைத்திருப்பதும், அந்தப் பள்ளியில் யாரிடம் பேச வேண்டும் என்பதை உள்ளே போகும் முன்பே கேட்டுக்கொள்வதும், யாப்பு தெரிந்திருப்பதைக் காட்டிலும் அவசியம்.

பள்ளிக்கு வெளியே

ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பெண்களோடு அமர நேர்ந்தால், பேனாவும் தாளும் கொடுத்துத் தொடங்குவது தவறு. பீடி சுற்றுகிறவருக்குக் கை ஓய்வதில்லை; மடியில் சுளகு, அதில் இலையும் தூளும், விரலில் நூல். எண்ணிக்கை முடிந்தால்தான் கூலி. அவரை அதை இறக்கி வைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் உட்காரவைப்பது அவருடைய கூலியில் கைவைப்பது. கை தன் வேலையைப் பார்க்கட்டும். வாயால் சொல்லுவதை நாம் எழுத வேண்டும். கென்னத் கோக்கும் 1976-இல் நியூயார்க் முதியோர் இல்லம் ஒன்றில், பேனா பிடிக்க முடியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டுதான் கற்பித்தார். அப்படி எழுதியதை உடனே திரும்ப வாசித்துக் காட்டுவதில்தான் பாடம் இருக்கிறது: "நான் அப்படியா சொன்னேன்? இல்ல, இப்படிப் போடுங்க" என்று அவர் மாற்றத் தொடங்கும் இடத்தில் அவர் எழுத்தாளராகிவிடுகிறார்.

தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த ஒரு பெரியம்மையைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்குவது இன்னொரு சறுக்கல். நாட்டார் பாடல்களைத் திரட்டும் வேலை நா. வானமாமலையும் அவருடைய நெல்லை ஆய்வுக் குழுவும் இந்தச் சீமையில் முறையாகச் செய்தது. அது அருமையான வேலை, ஆனால் வேறு வேலை. எழுதக் கற்பிக்கப் போனவர் சேகரிப்பவராகத் திரும்பி வந்து, ஆறு மாதம் கழித்துத் தம் பெயரில் தொகுப்புப் போட்டால் அந்தப் பெண்கள் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்கள்.

போட்டியும் பரிசும் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பேர் வெல்லுவார்கள், இருபத்தேழு பேர் அன்றோடு விட்டுவிடுவார்கள். மதிப்பூதியத்தை முன்கூட்டிப் பேசக் கூச்சப்படுவதும் அப்படியே. பேருந்துக் கட்டணம்கூடக் கைக்கு வராமல் சால்வைகளோடு திரும்புகிறவர் மூன்றாம் முறை போகமாட்டார், போனாலும் ஆயத்தமின்றிப் போவார். வகுப்பாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு 'இனி நாம் சுதந்திரமாகப் பேசலாம்' என்று பிள்ளைகளிடம் கண் சிமிட்டுவதும் வேண்டாம். நாம் போன பிறகு அந்தப் பிள்ளைகளோடு ஆண்டு முழுவதும் இருக்கப் போகிறவர் அவர். அவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எச்சில் கவிதைக்கு முகம் சுண்டிய அந்த ஆசிரியர், நான் மூன்றாம் முறை போனபோது, தாம் சிறுவனாக இருந்தபோது அதே கால்வாயில் தொலைத்த செருப்பைப் பற்றி எழுதினார்.

வாங்கிய தாள்களைத் திருப்பிக் கொடுக்காதது நான் இன்னமும் முழுவதுமாக விடாத தவறு. 'படித்துவிட்டுத் தருகிறேன்' என்று கட்டாக எடுத்து வந்துவிடுவோம். பிள்ளைக்கு அது ஒரே படி, நமக்கு அது நாற்பதில் ஒன்று. அன்றே, மணி அடிக்கும் முன்பே, ஒவ்வொரு தாளிலும் பிடித்த ஒரு சொல்லின் கீழ் மட்டும் கோடு போட்டுத் திருப்பித் தந்துவிடலாம். முப்பது தாளுக்கு எட்டு நிமிடம் ஆகும், கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆச்சியைப் பற்றி எழுதிய பையனின் தாள் என் வீட்டு அலமாரியில், என் சிவப்பு மையோடு, இன்னும் இருக்கிறது.