பயோம் சார்ட் போடணுமா, மொதல்ல ரெண்டால பெருக்குங்க

அக்கா பொண்ணு ஒம்பதாவது படிக்குது, நைட்டு எட்டு மணிக்கு வந்து "மாமா நாளைக்கு பயோம் சார்ட் வேணும்"னு நிக்குது. பயோம்னா ஒரே மாதிரி கிளைமேட்டும் அதுக்கேத்த செடியும் மிருகமும் இருக்கற பெரிய நிலப்பகுதி. இன்னாத்துக்கு முன்னாடியே சொல்லலன்னு கேட்டா பதில் கெடையாது. எங்க வேலூர் லாங் பஜார் பக்கம் ஓடிப் போயி ரெடிமேடா படம் அச்சடிச்ச ஷீட்டு ஒண்ணு வாங்கினு வந்து பிரிச்சா, ஒரே ஐஸ் கட்டி மேல பனிக்கரடியும் பென்குவினும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி நிக்குதுங்க. பனிக்கரடி வட கோடி, பென்குவின் தெக்குப் பக்கம், ரெண்டும் சந்திக்கணும்னா ஜூலதான் சந்திக்கணும். அடுத்த படம் சகாரா, அதுல ஒட்டகத்துக்குப் பின்னாடி கையத் தூக்கினு நிக்கிற சாகுவாரோ கள்ளி. அது அமெரிக்கா, மெக்சிகோ பக்கம் சொனோரன் பாலைவனத்துல மட்டும் தானா வளர்றது, சகாராவுல அதுக்கு என்ன வேலை?

ஷீட்ட ஓரமா வச்சிட்டு நாங்களே போட்டோம். ஒரு மணி நேரந்தான் ஆச்சு, எப்படின்னு சொல்றேன்.

படத்துல ஆரம்பிக்காதீங்க, ஊர்ல ஆரம்பிங்க. ஒரு அஞ்சாறு ஊர் எடுத்துக்கங்க, அதுல ஒண்ணு கண்டிப்பா நம்ம ஊரா இருக்கட்டும். விக்கிபீடியால ஊர் பேரைப் போட்டா கீழ கலர் கலரா ஒரு டேபிள் வரும், மாசா மாசம் வெயில் எவ்ளோ, மழை எவ்ளோன்னு. ரெண்டு வரியையும் நோட்டுல எழுதிக்கங்க, வெயில் டிகிரி செல்சியஸ்ல, மழை மில்லிமீட்டர்ல. சராசரி வெயில எடுக்கணும், அதிகபட்சத்த எடுத்தா கணக்கு கெட்டுரும்.

இப்போ கணக்கு. ஒவ்வொரு மாசத்து வெயிலையும் ரெண்டால பெருக்குங்க, அந்த மாச மழை அதை விட கம்மின்னா அது காஞ்ச மாசம், அவ்ளோதான். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, பாக்னுல்ஸ், கோஸன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க 1953ல சொன்னது, அந்த கோஸன்தான் பின்னாடி பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் கூட சேர்ந்து தென்னிந்தியாவுக்கு தாவர மேப் போட்டவரு.

வேலூருக்கு மார்ச் மாசம் போட்டுப் பாருங்க. சராசரி 28, 29 டிகிரி இருக்கும், ரெண்டால பெருக்கினா 57 கிட்ட வருது, மழை அதுல கால்வாசி கூட பெய்யாது, காஞ்ச மாசம். அக்டோபர் போட்டா 54 கிட்டதான் தேவை, மழை நூறையே தாண்டிடும். இப்போ லண்டனுக்கு ஜூலை போடுங்க, 19 டிகிரி, 38 வருது, மழை 45 பக்கம், ஆக காயல. இங்கதான் பொண்ணு நிமிந்து உக்காந்தா. வருஷத்துக்கு வேலூர்ல பெய்யறது 900லேர்ந்து 1000 மி.மீ. வரைக்கும், லண்டன்ல சுமார் 600தான். கம்மியா பெய்யற ஊரு பச்சப்பசேல்னு கீது, அதிகமா பெய்யற நாம பாலாத்துல மணல பாத்துனு நிக்கறோம். மழைங்கிறது சம்பளம் மாதிரி, எவ்ளோ வருதுன்றது பாதி கதைதான், வெயிலு எவ்ளோ புடிச்சினு போவுதுன்றது மீதி. லண்டன்ல கொஞ்சம் கொஞ்சமா பன்னெண்டு மாசமும் வருது, புடிக்கறதும் கம்மி.

காஞ்ச மாசத்த எண்ணிட்டீங்கன்னா இன்னும் ரெண்டே விஷயம் பாக்கணும். வருஷத்துலயே சூடான மாசம் 10 டிகிரியக் கூட தொடலன்னா அங்க மரமே நிக்காது, அது டன்ட்ரா, பாசி, லைக்கன், குட்டைச் செடி, அதை மேயற ரெய்ன்டீர். குளிரான மாசமே 18க்கு மேலன்னா வெப்பமண்டலம், நாம அதுல வர்றோம். அந்த 18 கோப்பென் போட்ட கோடு, செடி எங்க எப்படி வளருதுன்னு பாத்து கிளைமேட்டுக்கு எல்லை போட்ட ஆளு.

வெப்பமண்டலத்துல காஞ்ச மாசமே இல்லன்னா மழைக்காடு. சிங்கப்பூர் டேபிள பாருங்க, எந்த மாசமும் 27 டிகிரிய ஒட்டிதான், மழையும் நிக்கறது இல்ல, அமேசான், காங்கோ, போர்னியோ எல்லாம் இந்த ஜாதி. நாலஞ்சு மாசம் காஞ்சா இலை உதிர்ற காடு இல்லன்னா சவானா புல்வெளி. ரெண்டுல எதுன்னு இந்த கணக்கு சொல்லாது, நெருப்பும் மேயற மிருகமும் சேர்ந்து முடிவு பண்ணும். ஆப்பிரிக்காவுல செரங்கெட்டி புல்வெளில பத்து லட்சத்துக்கு மேல வில்டபீஸ்ட், மாடு மாதிரி ஒரு மான், மழைய தொரத்தினு சுத்துது, அவ்ளோ வாய் மேஞ்சா மரக்கன்னு எங்கேர்ந்து தலை தூக்கும்? பன்னெண்டு மாசமும் காஞ்சா பாலைவனம். பாலைவனம்னா சூடா இருக்கணும்னு இல்ல, லடாக்ல லே ஊருக்கு வருஷ மழையே சுமார் 100 மி.மீ.தான், ஜனவரில ஐஸு. மைனஸ் வர்ற மாசத்துக்கு மட்டும் ரெண்டால பெருக்கற கணக்கு செல்லாது.

ரோம் ஒரு தனி ரகம். மழை குளிர் காலத்துல பெய்யும், ஜூலைல காயும், அதனாலதான் ஆலிவ் மாதிரி சின்னதா தடிப்பா இலை வச்ச மரம் அங்க ஜெயிக்குது. சைபீரியால வெர்கோயன்ஸ்க் போட்டீங்கன்னா பசங்க விடமாட்டாங்க, 1892ல மைனஸ் 67.8, 2020 ஜூன்ல பிளஸ் 38, ஒரே ஊரு. மழை ரொம்ப கம்மி, ஆனா அடியில மண்ணு உறைஞ்சி கெடக்கறதால தண்ணி கீழ இறங்காது, அத வச்சே லார்ச் மரக்காடு நிக்குது. அது டைகா, குளிர் நாட்டு ஊசியிலைக் காடு.

இலை உதிர்றதுன்னதும் கூகுள்ல செவப்பு மேப்பிள் இலை படத்த எடுத்து எல்லா எடத்துலயும் ஒட்டிடறாங்க, கோவம்தான் வரும். அங்க மரம் குளிருக்கு பயந்து கொட்டுது, நம்ம ஜவ்வாது மலைல தண்ணிய மிச்சம் புடிக்க வெயிலு ஏறும்போது கொட்டுது. காரணம் வேற, மாசம் வேற, தனித்தனியா எழுதுங்க.

மிருகம் கடைசில ஒட்டுங்க. மழை செடிய முடிவு பண்ணும், செடி மேயறத முடிவு பண்ணும், அப்புறந்தான் சிங்கம் புலி.

இன்னொன்னு, மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறுன்னு நம்ம ஊர கிண்டல் பண்ணுவாங்களே, அத நம்பி வேலூர்னு போட்டு பாலைவனம்னு எழுதிடாதீங்க. கணக்கு சொல்றது அங்க என்ன வளர முடியும்னுதான். வெட்டினதும் ஆடு மேஞ்சதும் கணக்குல வராது. வேலூருக்குப் பக்கத்துல அமிர்தி காட்டுப் பக்கம் போயி பாருங்க, கிட்டத்தட்ட அதே மழைதான், காடு நிக்குது.

சார்ட்டுக்கு மார்க் வேணும்னா நெசமான செடி ஒட்டுங்க. கோட்டைக்கு எதிர்த்த மலைப் பக்கம் ரெண்டு கள்ளி தேடினோம். சப்பாத்திக்கள்ளிய கீறினா கொழகொழன்னு பச்சத் தண்ணி, சதுரக்கள்ளிய கீறினா பொளக்குனு வெள்ளப் பாலு. மொதல்ல சொன்னதுதான் நெசமான கேக்டஸ், அமெரிக்காலேர்ந்து வந்தது. சதுரக்கள்ளி நம்ம பக்கத்து ஆளு, ஆமணக்கு குடும்பம், சொந்தம் பந்தம் எதுவும் இல்ல. ரெண்டும் வேற வேற கண்டத்துல ஒரே கஷ்டத்துக்கு ஒரே வழி கண்டுபுடிச்சிருக்கு, இலைய விட்டுட்டு தண்டுல தண்ணி சேத்து மேல முள்ளு. பாலு கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, பெரியவங்க கீறுங்க, கையக் கழுவாம மூஞ்சத் தொடாதீங்க.

லீவு கெடச்சா ஏலகிரி பஸ்ல ஜன்னல் சீட்டு புடிங்க. மேல ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி கொறையும், பதினாலு வளைவுக்குள்ள அந்த வித்தியாசம் மூஞ்சிலயே தெரியும். பொண்ணு நோட்டோட வந்துச்சு, ஏழாவது வளைவுல வாந்தி, மீதி ஏழும் நான்தான் எழுதினேன்.