பழைய செயின்சா வாங்கப் போகிறீர்களா? முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

ஆடி நெருங்கினாலே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். டோங்காட், வெருலம், சாட்ஸ்வொர்த் என்று தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி எங்கள் பக்கம் கோயிலுக்குக் கோயில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், அண்டா அண்டாவாக விறகடுப்பில் காய்ச்ச வேண்டும், ஈஸ்டர் சமயத்துத் தீமிதிக்கோ கேட்கவே வேண்டாம், பாக்கி பாக்கியாக (பிக்கப் வண்டிக்கு இங்கே பாக்கி என்று பேர்) விறகு வந்து இறங்க வேண்டும். வெட்ட ஆள் இருக்கிறது, செயின்சா, அதாவது மரம் அறுக்கிற சங்கிலி ரம்ப மிஷின் இல்லை. "புதுசு கட்டுப்படியாகாது, செகண்ட் ஹேண்டில் ஒன்று பார்த்துச் சொல்லேன்" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பத்துப் பன்னிரண்டு மிஷின் வாங்கி, அதில் மூன்றில் நன்றாக ஏமாந்தவன், அவ்வளவுதான் தகுதி.

முதலில் எந்த அளவு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக் கொல்லையில் கிளை கழிக்க, வாட்டில் மரத்து விறகு துண்டு போட ஸ்டில் எம்எஸ் 170 (30 சிசி) போதும். கோயிலுக்கு வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை விறகு வெட்ட எம்எஸ் 250 (45 சிசி) சரியாக இருக்கும். காய்ந்த கம் மரத்து (யூகலிப்டஸ்) அடிமரத்தை அறுக்கிறவர்களுக்கு மட்டும்தான் ஹஸ்க்வர்னா 365, எம்எஸ் 381 மாதிரி 65, 70 சிசி மிஷின் தேவை, கை பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம். கம்பெனி என்று கேட்டால் ஸ்டில், ஹஸ்க்வர்னா இந்த இரண்டில் ஒன்றாகவே பாருங்கள். மற்றதெல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை, உதிரி பாகம் கிடைக்க வேண்டுமே. பேர் தெரியாத மிஷினை 800 ரேண்டுக்கு வாங்கி, ஒரு ஆயில் பம்ப்புக்காக மூன்று மாதம் அலைந்த கதை என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று, போலி. "புத்தம் புதுசு, பெட்டி பிரிக்காதது" என்று ஸ்டில் 070-ஐ நம்ப முடியாத விலைக்குப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் அந்த மாடலைப் பார்த்துச் செய்த நகல். அசல் ஸ்டில்லில் என்ஜின் உடம்பிலேயே 9 இலக்க எண் குத்தியிருக்கும். ஹஸ்க்வர்னா என்றால் சமீப வருஷத்து மிஷின்களில் சீரியல் எண்ணின் முதல் நாலு இலக்கம் தயாரித்த வருஷம், அடுத்த ரெண்டு இலக்கம் வாரம். "போன வருஷம்தான் வாங்கினேன்" என்று ஒருவர் சத்தியம் செய்யும்போது அங்கே 2009 என்று இருந்தால் பேசாமல் பாக்கியில் ஏறிவிடுங்கள்.

சரி, உள்ளூரில் வாங்குவதைப் பார்ப்போம். கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரி விளம்பரத் தளம், இல்லாவிட்டால் கடைச் சுவரில் ஒட்டிய சீட்டு, எதுவானாலும் கிளம்புவதற்கு முன் போனில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: "அங்கிள், நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போய் இறங்கியதும் வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சுவாக்கில் சிலிண்டர் பக்கம் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ இருக்கிறது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்துகிற பலம்) போன மிஷினும் கார்புரேட்டர் சரியில்லாத மிஷினும் ஒரு தடவை படாத பாடு பட்டுக் கிளப்பிவிட்டால் அடுத்த அரை மணி நேரம் நல்ல பிள்ளையாக ஒரே இழுப்பில் கிளம்பும், விற்கிறவருக்கு அது தெரியும்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு வீட்டுக்குப் போனேன். "ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்" என்று விளம்பரம், அப்படியே ஆனது, ஆனால் சைலன்சர் பக்கம் கை வைக்க முடியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆன்ட்டி டீ கொண்டு வந்தார்கள், குடித்தேன், கோயில் கதை, கிரிக்கெட், பையன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிற கதை எல்லாம் கேட்டேன், முக்கால் மணி நேரம் ஆனது. "கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா அங்கிள்?" என்றேன். இருபத்தைந்து தடவை இழுத்தேன், தோள்பட்டை விட்டுப்போனது, ஒரு புகைகூட வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்ஜின் ஆறியிருந்தால் இழுப்புக் கயிற்றை மெதுவாக இழுங்கள். நடுவில் ஒரு இடத்தில் கெட்டியாக எதிர்க்க வேண்டும். அப்புறம் கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்க விடுங்கள், நல்ல மிஷின் தயங்கித் தயங்கி இறங்கும், தேய்ந்தது கிணற்று வாளி மாதிரி சரசரவென்று போகும். (சில பெரிய மிஷின்களில் கம்ப்ரெஷனைக் குறைக்கிற சின்ன பட்டன் இருக்கும், அது அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நான் ஒருமுறை பார்க்காமல் நல்ல மிஷினைக் குறை சொல்லிவிட்டேன்.) கம்ப்ரெஷன் அளக்கிற கேஜ் வைத்திருந்தால் 150 பிஎஸ்ஐ பக்கம் காட்டினால் ஆரோக்கியம், 110-க்குக் கீழே போனால் உதிரி பாக விலைதான்.

அடுத்ததுதான் முக்கியம், இதற்குக் கூச்சப்பட வேண்டாம். சைலன்சரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரண்டு மூன்று நட்டு, போல்ட்டுதான், ஐந்து நிமிஷ வேலை, டி27 டார்க்ஸ் (நட்சத்திர முனை) சாவியும் ஒரு சின்ன சாக்கெட் செட்டும் பையில் இருக்கட்டும். கழற்றினால் சிலிண்டரில் பெருவிரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை தெரியும். போன் டார்ச்சை அடித்து, கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டனின் பக்கவாட்டை அந்த ஓட்டைக்கு நேராகக் கொண்டு வாருங்கள். கிராமபோன் தட்டு மாதிரி மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் சந்தோஷம், அது தொழிற்சாலையில் கடைந்த தடம், இன்னும் தேயவில்லை. மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டின மாதிரி கீறல் இருந்தால் யாரோ எண்ணெய் கலக்காத பெட்ரோல் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது எங்கேயோ காற்று கசிந்து சூட்டில் பிஸ்டன் இறுகியிருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறமும், 2024 ஜூனில் டோங்காட்டில் சுழற்காற்று அடித்த அப்புறமும் ரம்பத்தையே தொட்டறியாதவர்கள் எல்லாம் இரவல் வாங்கி மரம் அறுத்தார்கள், அப்படிப் பிஸ்டன் பிறாண்டிய மிஷின் எங்கள் தெருவிலேயே ஒன்று கிடக்கிறது. கழற்ற விடமாட்டேன் என்றால் அது அவர் உரிமை. காசு கொடுக்காமல் வருவது நம் உரிமை.

கீறல் இல்லையா, நல்லது. இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். சும்மா ஓடும்போது சங்கிலி சுற்றக் கூடாது. மிஷினை இடது வலது, மூக்கு மேலே கீழே என்று சாய்த்துப் பாருங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓட்டம் மாறினால், அல்லது திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காமல் நீண்டுகொண்டே போனால், காற்றுக் கசிவாக இருக்கலாம். முன் கைக்காப்பை (அதுதான் சங்கிலி பிரேக்) முன்னால் தள்ளினால் சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. பார் (சங்கிலி ஓடுகிற நீளத் தகடு) முனையை ஒரு அட்டைக்கு நேராகக் காட்டி முறுக்கினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கடைசியாக நிறுத்திவிட்டு பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், வார்னிஷ் வாடை அடித்தால் மாசக்கணக்கில் சும்மா கிடந்த மிஷின். அப்படியே "எண்ணெய் எவ்வளவு கலப்பீர்கள் அங்கிள்?" என்று கேளுங்கள். கம்பெனி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி. பதில் தயங்கி வந்தால் விலையும் தயங்கட்டும்.

பார், சங்கிலி, ஸ்ப்ராக்கெட் (சங்கிலியைச் சுற்றுகிற பல்சக்கரம்) தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது பேரத்துக்கு நல்லது. மூன்றும் புதிதாக என்ன விலை என்று கடையில் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு அதைக் கழித்துச் சொல்லுங்கள்.

திருட்டுச் சாமானா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணை ராவி எடுத்திருந்தால் தொடவே தொடாதீர்கள். இந்த நாட்டில் திருட்டுப் பொருள் கையில் அகப்பட்டு, அது எப்படி வந்தது என்று நியாயமாகச் சொல்ல முடியாவிட்டால் நம்மேல் வழக்கு வரும், 1955-ஆம் வருஷத்துச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் ஒரு தாளில் விற்கிறவர் பெயர், ஐடி எண், மிஷின் எண், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைக்காரர் என்றால் பழைய பொருள் வியாபாரத்துக்குப் போலீஸில் பதிந்திருக்க வேண்டும், 2009 சட்டம் அப்படிச் சொல்கிறது. "பிடித்து வைக்க 500 ரேண்ட் இ-வாலட்டில் போடுங்கள்" என்கிற ஆளுக்கு பதிலே போடாதீர்கள்.

இனி ஆன்லைன் ஏலம். பிட்ஆர்பை, அதாவது 2023-இலிருந்து பாப் ஷாப், அந்த மாதிரி தளங்களில் தனி ஆட்கள் ஒவ்வொன்றாக விற்பார்கள். அங்கே படத்தை நம்பி வாங்குகிறோம், அதனால் படத்தைக் கேட்டு வாங்குங்கள்: மிஷின் எண், சைலன்சர் கழற்றின ஓட்டை வழியே பிஸ்டன், ஆறின என்ஜினை ஸ்டார்ட் செய்கிற வீடியோ, நடுவில் வெட்டாதது. பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள், உங்கள் வேலை பாதியாகக் குறைந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூரியரில் வருவதாக இருந்தால் பெட்ரோலையும் எண்ணெயையும் சுத்தமாக வடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

பெரிய ஏல நிறுவனங்கள் வேறு ரகம். மிட்லண்ட்ஸ் பக்கம் தோட்ட வேலை எடுத்த கான்ட்ராக்டர் தொழிலை மூடினால் ஐந்து மிஷினை ஒரே லாட்டாகக் கட்டிப் போடுவார்கள். பதிவு செய்ய ஐடி நகல், முகவரிச் சான்று, பல இடங்களில் திரும்பத் தருகிற டெபாசிட் கேட்பார்கள். கணக்கை மட்டும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். 3,000 ரேண்டுக்கு ஏலம் எடுத்தால் 10 சதவீதக் கமிஷன் 300, மொத்தத்துக்கும் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) இருந்தால் 495, ஆக 3,795. எதற்கெல்லாம் வாட் என்று அவர்கள் விதிமுறையில் இருக்கும், படியுங்கள். வாங்கின பிறகு குறை சொல்லித் திருப்பித் தரவும் வழி குறைவு: 2008 நுகர்வோர் சட்டத்தில் தரத்துக்கான உரிமை ஏலத்தில் வாங்கிய பொருளுக்குக் கிடையாது. ஃபூட்ஸ்டூட்ஸ், இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்பதுதான்.

அதனால் பார்வை நாளுக்குக் கட்டாயம் போங்கள். சைலன்சரைக் கழற்ற விடாவிட்டாலும் கயிற்றை இழுத்துப் பார்க்கலாம், பிளக்கைக் கழற்ற விட்டால் அதைப் பாருங்கள், பழுப்பு நிறம் நல்லது, வெள்ளையாக வெளிறியிருந்தால் சூடேறிய மிஷின். எதுவுமே பார்க்க முடியாததை உதிரி பாக விலைக்கு மேல் கேட்காதீர்கள். உச்ச விலையைத் தாளில் எழுதி பாக்கெட்டில் வையுங்கள், ஏனென்றால் சில ஏலங்களில் கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும், நீள நீள ரோஷம் ஏறும். நான் அப்படித்தான் ரெண்டு எம்எஸ் 250 இருந்த லாட்டை ரோஷத்தில் எடுத்தேன். ஒன்றில் பிஸ்டன் காலி, இன்னொன்றில் கிராங்க் பேரிங் ஆட்டம், இரண்டையும் பிரித்துச் சேர்த்து ஒரு மிஷின் ஆக்கினேன். கோயில் கொட்டகையில் இருப்பது அதுதான். செலவைக் கூட்டிப் பார்த்தால் புதிதாகவே வாங்கியிருக்கலாம், வீட்டில் சொல்லவில்லை.

வாங்கி வந்ததும் பெட்ரோல் குழாய், பெட்ரோல் ஃபில்டர், பிளக் மூன்றையும் மாற்றிவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். விற்கிறவர்கள் கூடவே கால்காப்பையும் (சங்கிலி காலை வெட்டாமல் இருக்கப் போடுகிறது) இலவசமாகத் தருகிறேன் என்பார்கள். துணியில் கிழிசல் இருந்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், உள்ளே இருக்கிற நார் வெளியே இழுபட்டுச் சங்கிலியைச் சுற்றி நிறுத்துவதுதான் அதன் வேலை, ஒரு தடவை சங்கிலி பட்டதும் அந்த வேலை முடிந்தது. கால்காப்பைக் கடையில் புதிதாக வாங்குங்கள்.