குவயர், நாடகம், வீடு: டிசம்பர்ல நாம பண்ணுத சில தப்புகள்

போன டிசம்பர்ல ஒரு நாள் வீடு வீடாப் போயி கிறிஸ்மஸ் பாட்டு பாடுத கேரல் ரவுண்ட்ஸ் முடிஞ்சு ராத்திரி ரெண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தா, கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டுக் கெடக்கு. போன் அடிச்சேன், சைலன்ட்ல கெடந்திருக்கும் போல, யாரும் எடுக்கல. அன்னைக்கு கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் எனக்குத்தான், அந்த செவப்பு உடுப்போடயே திண்ணையில சுருண்டு படுத்துட்டேன். காலையில பால்காரர் என்னப் பாத்து ரெண்டு அடி பின்னால போனது இருக்கட்டும், வீட்டுக்காரி கதவத் தொறந்துட்டு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "எப்ப வருவேன்னு சொல்லிட்டா போனிய?" சொல்லல. அந்த மாசம் பூராவுமே சொல்லல.

இருபது வருஷத்துக்கு மேல சர்ச் குவயர்ல, அதான் பாடகர் குழுவுல, டெனார் பாடுதேன், ஊர் படிப்பகம் ஆண்டு விழா நாடகத்துல வருஷா வருஷம் ஏதாவது ஒரு வேஷம் கட்டுதேன். ரெண்டுலயும் பத்து பைசா கெடையாது, சந்தோஷத்துக்குத்தான் போறோம். அந்த சந்தோஷத்த நாமளே கெடுத்துக்கிடுத விதங்களத்தான் எழுதுதேன், முக்காவாசி நானே பண்ணுனதுதான்.

மொதல்ல காலண்டர். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நவம்பர் கடைசியில கோட்டாறு சவேரியார் கோயில் கொடியேறும், டிசம்பர் 3 உள்ளூர் லீவு, அது முடிஞ்ச கையோட கேரல், பிள்ளேளுக்கு அரையாண்டு பரீட்சை, கிறிஸ்மஸ், மார்கழியில சுசீந்திரம் தேரு, நியூ இயர், பொங்கலுக்கு படிப்பகம் நாடகம். இதுக்கு நடுவுல மழ வேற. எல்லாத்துக்கும் ரிகர்சல் ஒரே நேரத்துல ஓடும், "மக்கா ஆளு இல்லடே, நீ வந்தாதான் சரியாவும்"னு ஒருத்தன் சொன்னா நமக்கு ஒடனே நெஞ்சு விரிஞ்சு போவும், எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துருவோம். ஒண்ணுக்காவது முடியாதுன்னு சொல்லணும். ரிகர்சல் தேதி வாங்குததுக்கு முன்னாடியே பிள்ளைக்கு கணக்குப் பரீட்சை என்னைக்கு, மாமியார் வீட்டு விசேஷம் என்னைக்குன்னு காலண்டர்ல வட்டம் போட்டுட்டுப் போங்க, பொறவு போட்டா அதுக்கு எடமே இருக்காது.

இனி பாட்டு. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-ல, அதுக்குப் பொறவு லண்டன் மிஷன் காரங்க வழியா வந்ததுதான் நம்ம பக்கத்து சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ்னு நாலு பார்ட்டா பிரிச்சுப் பாடுத பழக்கம். மொத ரெண்டும் பொம்பளைகளோட மேல் கொரல், கீழ் கொரல், அடுத்த ரெண்டும் ஆம்பளைகளோட மேல் கொரல், கீழ் கொரல். அந்த நாலு பார்ட்டும் ஒண்ணா கேட்டாதான் அதுக்குப் பேரு குவயர். ஆனா நம்மாளு என்ன பண்ணுவான், மைக் பக்கத்துல எடம் பிடிச்சு தொண்ட நரம்பு பொடைக்கப் பாடுவான். ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, பாடும்போது பக்கத்துல நிக்கவன் கொரல் ஒங்க காதுல விழணும். விழலன்னா நீங்க சத்தம் கூடுதலா வைக்குதீங்கன்னு அர்த்தம், மைக் செட்காரர திட்டி பிரயோசனம் இல்ல.

மூச்சும் அப்படித்தான். கமா வந்த எடத்துல முப்பது பேரும் ஒண்ணா மூச்சு எடுத்தா பாட்டுல ஓட்ட விழுந்துரும். நீண்ட வரியில ஆளுக்கு ஒரு எடத்துல, சொல்லுக்கு நடுவுல நைசா எடுத்துட்டு சத்தமில்லாம திரும்ப உள்ள நொழையணும், கேக்குதவங்களுக்கு குவயர் மூச்சே விடலன்னு தோணும். கீபோர்டு இல்லாம பாடும்போது சுதி எறங்குததுக்கும் பாதி காரணம் இந்த மூச்சுதான், வரி முடியுததுக்குள்ள காத்து தீந்துரும், கடைசி சுரம் தொங்கிரும், நாலாவது சரணத்துல பாத்தா மொத்தக் கூட்டமும் அரைச் சுரம் கீழ நிக்கும். யாருக்கும் தெரியாது, கீபோர்டு மறுபடி சேரும்போதுதான் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாப்போம்.

கீபோர்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு கல்யாணத்துல, சுதிய ஏத்தி எறக்குத டிரான்ஸ்போஸ் பட்டன் பிளஸ் மூணுல கெடந்தத யாரும் பாக்கல. மொத வரியிலயே சோப்ரானோ அக்காமாரு மொகம் செவந்துட்டு, உச்ச சுரம் வரும்போது பாதிப் பேரு வாய மட்டும் அசச்சாங்க, பேஸ்காரங்க மட்டும் என்னைக்கும் இல்லாத குஷியில பாடுனாங்க. தொடங்குததுக்கு முன்ன கீபோர்டு திரையில அந்த நம்பர் சைபரான்னு பாக்க ஒரு ஆள வையுங்க.

பார்ட் படிக்குத விஷயத்துல இப்ப எல்லாரும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பி அத கேட்டுப் படிக்கோம். அதுல ஒரு சிக்கல், பாடி அனுப்புனவர் பண்ணுன தப்பும் சேந்து நமக்குப் பாடமாயிரும், பொறவு அத அழிக்க ரெண்டு மாசம் ஆவும். பழைய ஆளுக, சுரத்துக்கு டோ ரே மீன்னு பேரு வச்சுப் படிக்குத டோனிக் சோல்ஃபாவுல படிச்சவங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் கர்வென் பரப்புன முறை. டோ எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும், ஸ்கேல் மாத்துனாலும் டோ ரே மீ பேரு மாறாது. ரெண்டு மாசம் உக்காந்தா யாரும் படிக்கலாம், வயசானவரு சொல்லித்தரத் தயாரா இருக்கும்போதே படிச்சுக்கிடுங்க.

தொண்ட கட்டுனா தேன், இஞ்சி, மிளகு, சுக்குன்னு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க. எதமா இருக்கும், குடிங்க, ஆனா முழுங்குத எதுவும் கொரல் நாண் மேல படாது, அது போற வழி வேற. நீராவி புடிச்சா அந்த ஈரம் போய்ச் சேரும். தண்ணி குடிக்கதுன்னாலும் காலையிலேந்தே குடிக்கணும், மேடை ஏறுததுக்கு முன்ன ஒரு பாட்டில் கவுத்துனா பாத்ரூம்தான் வரும். கொரல் கம்முனா பாடாதீங்க. ரவுண்ட்ஸ்ல டிரம் சத்தத்துக்கு மேல கத்திட்டு வீட்டுக்கு வீடு பால் இல்லாத கட்டஞ்சாயா குடிச்சா ஆறிரும்னு நெனச்சு, 25-ந் தேதி ஆராதனையில ஊமையா நின்னவன் நான்.

நாடகத்துக்கு வருவோம். நம்ம ஊர் மேடையில மேல ரெண்டு மூணு மைக் தொங்கும். நடிக்கவங்க எல்லாம் அதுக்குக் கீழ வந்து அண்ணாந்து பேசுவாங்க, பாக்கதுக்கு மாமரத்துல மாங்கா இருக்கான்னு தேடுத மாதிரி இருக்கும். மைக் எங்க தொங்கும்னு மொத நாளே கேட்டு, ரிகர்சல்ல தரையில சாக்பீஸ்ல குறி போட்டுப் பழகுனா இது வராது. அடுத்தது காமெடி. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-ல நாகர்கோவில் ஒழுகினசேரியில பொறந்தவரு, அதனால நம்ம ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் தனக்குள்ள ஒரு என்.எஸ்.கே இருக்கான்னு நெனப்பு. எழுதுன வசனத்த விட்டுட்டு மேடையில சொந்தமா அவுத்து விடுவான், எதிர நிக்கவனுக்கு எங்க பேசணும்னே தெரியாது. கலைவாணரெல்லாம் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவுல இருந்து பழகி வந்தவரு, அந்தக் காலத்துல பையங்கள வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனில பிள்ளேளுக்கு கம்பெனிதான் வீடு. நமக்கு அப்படி இல்ல, காலையில வேலைக்குப் போவணும், வீட்ல ஆளு இருக்கு. அதனால பன்னெண்டு மணி வர ரிகர்சல் வச்சுட்டு அத டெடிகேஷன்னு சொல்லாதீங்க. அதுல பாதி நேரம் சாயாவும் அரசியலும்தான், எனக்குத் தெரியும்.

பிள்ளேள இழுத்து வுடுததும் ஒரு தப்பு. எங்க பையனுக்கு மேடைன்னாலே வெறுப்பு, ரெண்டு வருஷம் கட்டாயப்படுத்தி ஆட்டிடையன் வேஷம் போட்டேன், ரெண்டு வருஷமும் அழுதான். இப்ப அவன் லைட் சுவிட்ச் பாக்கான், அதுல அவன்தான் ராஜா.

வீட்ல பாடம் பண்ணும்போது வீட்டுக்காரி தேங்கா திருவிக்கிட்டே ஸ்கிரிப்ட மடியில வச்சு எதிர் வசனம் சொல்லுவா, எல்லா கேரக்டருக்கும் ஒரே கொரல், கறிக்கு உப்பு கேக்குத கொரல். போன பொங்கலுக்கு மூணாவது சீன்ல கரன்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓடி லைட் வந்தப்ப என் மண்டையில ஒரு சொல்லு இல்ல. மறந்த வசனத்த மறைஞ்சு நின்னு எடுத்துக் குடுக்குத ப்ராம்ப்டர் பேப்பரத் தொலச்சுட்டு டார்ச் அடிச்சுத் தேடுதாரு. மொத வரிசையிலேந்து அதே உப்புக் கொரல்ல, "தந்தையே, நான் குற்றவாளி அல்ல!" கூட்டம் சிரிச்சு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு.

இந்த வருஷம் ப்ராம்ப்டர் வேலைய அவளுக்கே குடுத்துட்டாங்க. ஒரு கண்டிஷன் போட்டுருக்கா, ராத்திரி ஒம்பது மணிக்கு ஸ்கிரிப்ட மூடிருவேன்னு. டைரக்டர் அண்ணாச்சி மொதல்ல முனங்குனாரு. இப்ப எட்டே முக்காலுக்கே எல்லாரும் வேக வேகமா வசனம் பேசுதோம்.