அட்டெஸ்டேஷன் ஃபார்மில் ‘இல்லை’ என்று எழுதும் முன்

எழுத்துத் தேர்வு, உடல்தகுதி, மெடிக்கல் எல்லாவற்றையும் தாண்டி மத்திய அரசு வேலைக்குத் தேர்வான பிள்ளைகள் சிலர் கடைசியில் அட்டெஸ்டேஷன் ஃபார்ம் என்ற ஒரு படிவத்தில் சறுக்கிவிடுகிறார்கள். எப்போதாவது கைதானதுண்டா, வழக்கு உண்டா, கோர்ட் அபராதம் போட்டதா, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினார்களா, பல்கலைக்கழகம் பரீட்சை எழுதத் தடை போட்டதா என்று அது வரிசையாகக் கேட்கும். பிறகு போலீஸ் வெரிஃபிகேஷன் நடக்கும்.

பெரிய தவறு, “கேஸ்தான் முடிஞ்சுபோச்சே” என்று ‘இல்லை’ போடுவது. கேள்வியில் ‘எப்போதாவது’ என்று இருக்கிறது. திருவிழாத் தகராறில் பத்துப் பேரோடு பதினோராவதாகச் சேர்க்கப்பட்டு, பிறகு ராஜியாகிப்போன வழக்கானாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையை எழுதியவரையும் வேலையில் சேர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்கிறது அதே தீர்ப்பு. அப்படியிருந்தும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். எழுதியவரிடம் வழக்கின் தன்மையைப் பார்ப்பார்கள். மறைத்தவரிடம் அவருடைய நேர்மையையே சந்தேகிப்பார்கள். படிவம் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது மறைப்பு ஆகாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அதனால் கேள்வியை நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை படியுங்கள்.

‘விடுதலை’ என்ற சொல்லை நம்பி ஏமாறுவது அடுத்த தவறு. தமிழ்நாடு காவலர் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனால், அதாவது குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படாததால், விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். நீங்கள் எந்த அடிப்படையில் விடுதலையானீர்கள் என்பது தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். சான்றிட்ட நகல் வாங்கி, வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படிவத்தைக் கொடுத்த பிறகு கைதோ வழக்கோ வந்தால், அதையும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் மறைத்ததாகவே கொள்வோம் என்று படிவத்தின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. பணியில் சேர்ந்து பல வருடம் கழித்துத் தெரியவந்தாலும் வேலை போகலாம்.

பூர்த்தி செய்த படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன எழுதினோம் என்று பின்னாளில் விளக்கம் கேட்கும்போது உங்கள் கையில் அது இருக்க வேண்டும்.