சரணடைந்த தாளும் சமாதானத் தாளும்: 1810–1814 பாடத்தை நடத்தும் முறை

மொரீஷியஸ் 1810இல் பிரான்சிடமிருந்து பிரிட்டன் கைக்குப் போனது என்று பிள்ளைகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அன்று போனது ஆட்சி மட்டும்தான். தீவின் உரிமை கைமாறியது 1814இல். நடுவிலுள்ள மூன்றரை வருடத்தை விளங்க வைப்பதுதான் இந்தப் பாடம். நாற்பது நிமிட வகுப்பு இரண்டு போதும்.

தீவின் தென்கிழக்குத் துறையான கிராண்ட் போர்ட்டில் நடந்த சண்டையில் தொடங்காதீர்கள். 1810 ஆகஸ்டில் அங்கே வென்றது பிரெஞ்சுக் கடற்படை. "ஜெயித்தவர்கள் எப்படித் தோற்றார்கள்?" என்ற கேள்வியிலேயே மணி அடித்துவிடும். நவம்பர் 29இல் பிரிட்டிஷ் படை வடகரையில் இறங்கியதிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

டிசம்பர் 3ஆம் தேதிச் சரணடைவு உடன்படிக்கையிலிருந்து மூன்று விதிகளை எளிய தமிழில் அச்சடித்து, நான்கு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். பிரெஞ்சுப் படையினர் போர்க்கைதிகள் அல்ல, பிரிட்டன் செலவில் ஊர் திரும்புவார்கள். குடிகளின் மதமும் சட்டமும் வழக்கமும் காக்கப்படும். விரும்புவோர் இரண்டு ஆண்டுக்குள் சொத்தோடு வெளியேறலாம். இரண்டாவது விதிக்கு எதிரே, அதன் தடம் இன்று எங்கே தெரிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். நெப்போலியன் சட்டத்தொகுப்பு (பிரெஞ்சு உரிமையியல் சட்டம்), பிரெஞ்சு நாளிதழ் என்று அவர்களே பிடித்துவிடுவார்கள். பிறகு, "இந்தத் தாளில் யாருக்கு இடமில்லை?" என்று கேளுங்கள். அன்றைய தீவில் பெரும்பான்மையோர் அடிமைகள். அவர்கள் விடுதலைக்கு 1835 பிப்ரவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், குறைக்காதீர்கள்.

இரண்டாம் வகுப்புக்கு இந்தியப் பெருங்கடல் வரைபடமும் ஐந்து அட்டைகளும் வேண்டும்: மொரீஷியஸ், ரொட்ரிக்ஸ், செஷல்ஸ், ரீயூனியன், புதுச்சேரி. பழைய பெயரையும் எழுதிவிடுங்கள். ஈல் த பிரான்ஸ்தான் மொரீஷியஸ், பூர்போன்தான் ரீயூனியன் என்று தெரியாமல் ஒப்பந்தத்தைப் படித்தால் ஒன்றும் விளங்காது. சமாதானத்துக்குப் பின் எது யாருக்கு என்று முதலில் பென்சிலால் ஊகிக்கட்டும். பிறகு 1814 மே 30 பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவை வாசியுங்கள். 1792 ஜனவரி 1இல் பிரான்சிடம் இருந்த குடியேற்றங்கள் திரும்பும். டொபேகோ, செயின்ட் லூசியா (இரண்டும் கரீபியன் தீவுகள்), ஈல் த பிரான்ஸ், அதன் சார்புப் பகுதிகளான ரொட்ரிக்ஸ், செஷல்ஸ் ஆகியவை திரும்பா.

பெரும்பாலும் தவறுவது ரீயூனியனில்தான். பிரிட்டன் அதை மொரீஷியஸுக்கு முன்பே, 1810 ஜூலையில் பிடித்திருந்தும் திருப்பிக் கொடுத்தது. காரணத்தை வரைபடத்திலேயே தேட விடுங்கள். போர்ட் லூயிஸ் போன்ற துறைமுகம் ரீயூனியனுக்கு இல்லை. இந்தியாவுக்குப் போன கப்பல்களைப் பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல்கள் தாக்கிக் கொள்ளையிட்டதும் மொரீஷியஸிலிருந்துதான். புதுச்சேரியும் பிரான்சுக்கே திரும்பியது, ஆனால் 12ஆம் பிரிவின்படி கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு மேல் படை வைக்கக்கூடாது.

"சார்புப் பகுதிகள்" என்ற சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். மொரீஷியஸின் பிரிட்டிஷ் ஆளுநர் ஃபர்குவார் அதே சொல்லைக் காட்டி மடகாஸ்கரின் பிரெஞ்சு வணிகத் தலங்களுக்கும் உரிமை கோரினார், பிரான்சு மறுத்தது. யாராவது ஒரு பிள்ளை, மொரீஷியஸின் சார்புப் பகுதியாக இருந்த சாகோஸ் தீவுக்கூட்டம் பற்றிக் கேட்கும். 1965இல் பிரிட்டன் அதை மொரீஷியஸிலிருந்து பிரித்தது, 2019இல் சர்வதேச நீதிமன்றம் அதுபற்றிக் கருத்துரைத்தது என்பதோடு நிறுத்திக்கொண்டு, அதற்குத் தனியே ஒரு வகுப்பு வையுங்கள்.